படிவத்தில் எழுதியதை எழுதியபடியே காட்டுதல்

நிர்வாகத்திற்கும் மக்களுக்கும் இடையே செல்லும் செய்திகளிற் பெரும்பாலானவை படிவத்தின் வழியாகவே செல்கின்றன. மாணவர் சேர்க்கை, தடுப்பூசிக் கணக்கு, பயிர்ச் சேத விண்ணப்பம், குடிநீர்க் குறைபாட்டு மனு ஆகிய யாவும் முன்னர்க் காகிதத்தில் எழுதப்பட்டன; இன்று அவற்றுட் பல கணினித் திரையிலும் கைபேசியிலும் நிரப்பப்படுகின்றன. இம்மாற்றத்தினால் நேரமும் உழைப்பும் மிச்சமாகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் காகிதத்திற்கும் திரைக்கும் இடையே ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. அதனை அறியாமற் செய்யப்பட்ட மின்படிவங்கள் மக்கள் எழுதியதைச் சிதைத்துக் காட்டுகின்றன. சில வேளைகளில் அலுவலகத்தின் கதவையே அயலாருக்குத் திறந்து விடுகின்றன.

காகிதத்தில் ஒருவர் எதை எழுதினாலும் அது மையாகவே நிற்கும். காகிதத்தின் அமைப்பை அது மாற்றிவிடாது. இணையப் பக்கம் அத்தகையதன்று. அங்கு எழுத்தும் எழுத்தாலேயே ஆகியது, பக்கத்தை அமைக்கும் கட்டளையும் எழுத்தாலேயே ஆகியது. எனவே ஒருவர் செய்தியாக எழுதி அனுப்பியதை உலாவி கட்டளையாகக் கொண்டு செயற்படுத்திவிடக் கூடும். அவ்வாறு நேராமல், எழுதியவர் எழுதியதை வெறும் எழுத்தாகவே காட்டுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். படிவங்களைப் பயன்படுத்தும் களப்பணியாளரும், கணினிப் பாடம் கற்பிக்கும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

பக்கம் உருவாகும் விதம்

அச்சகத்தில் வேலை நடைபெறும் முறையை முதலில் நினைவு கூர்வோம். ஆசிரியர் தந்த கையெழுத்துப் பிரதியின்மேல் பதிப்பாசிரியர் சில குறிகளை இடுவார். இவ்வரி தடித்த எழுத்தில் வரவேண்டும், இது தலைப்பு, இங்குப் புதிய பத்தி தொடங்க வேண்டும் என்பன அக்குறிகளின் பொருள். அச்சுக் கோப்பவர் குறிகளை அச்சிற் கோப்பதில்லை. அவை கூறியபடி நடந்து, பிரதியிலுள்ள சொற்களை மட்டுமே கோப்பார். பதிப்பாசிரியர் சிவப்பு மையிலும் ஆசிரியர் கருப்பு மையிலும் எழுதினால் குழப்பம் எழாது. இருவரும் ஒரே மையில் எழுதினால், எது சொல், எது கட்டளை என்று பிரித்தறிவது அரிதாகும்.

இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி இம்மரபில் வந்ததே. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய செர்னில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலகளாவிய வலைக்கான தம் திட்டத்தை 1989-இல் முன்வைத்தார். அதன் பொருட்டு அவர் அமைத்த குறிமொழி, 1986-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டிருந்த எஸ்.ஜி.எம்.எல். என்னும் முறையைத் தழுவியது. இடக்கோணக் குறிக்கும் (<) வலக்கோணக் குறிக்கும் (>) இடையே எழுதப்படுவது கட்டளை. ஏனையது காட்டப்பட வேண்டிய எழுத்து. இதுவே அதன் அடிப்படை விதி. கட்டளைக்கும் எழுத்துக்கும் தனித்தனி மை இங்கு இல்லை. கோணக் குறி ஒன்றே இரண்டையும் பிரிக்கும் எல்லைக் கல்லாக நிற்கிறது.

ஒருவரே எழுதிய பக்கத்தில் இதனால் இடர் இல்லை; தாம் இட்ட எல்லைக் கல்லை அவர் அறிவார். ஆனால் 1995-இல் வெளியான எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பின் தரவரையறையிலேயே படிவங்களும் இடம்பெற்றன. அதன்பின் பக்கத்தை அமைப்பவர் ஒருவர், அதன் உள்ளே எழுத்தை நிரப்புபவர் வேறொருவர் என்னும் நிலை பரவலாயிற்று. படிவத்தை நிரப்புபவர் கோணக் குறியைத் தட்டினால் அவரும் எல்லைக் கல்லை நட்டவராகிறார்.

படிவம் செல்லும் வழி

ஓர் ஊராட்சியில் ஒருவர் குடிநீர்க் குழாய் உடைந்தது பற்றி மின்படிவத்தில் எழுதி அனுப்புகிறார் என்று கொள்வோம். அவர் எழுதியது அலுவலகத்தின் சேவையகத்திற்குச் செல்கிறது. சேவையகத்திலுள்ள நிரல் அதனைத் தரவுத்தளத்திற் சேர்த்து வைக்கிறது. பின்னர் அதே எழுத்து பல இடங்களில் தோன்றும். எழுதியவருக்கு, “தாங்கள் அனுப்பிய மனு இது” என்று திரும்பக் காட்டப்படும். பொறியாளர் தம் திரையில் அதனைப் படிப்பார். மாவட்ட அலுவலர் நூறு மனுக்களின் பட்டியலில் அதனையும் காண்பார். இவ்விடங்களில் எல்லாம் நிரலானது, தான் ஆக்கும் பக்கத்தின் நடுவே அம்மனுவின் சொற்களைச் செருகுகிறது. எவ்வித மாற்றமும் செய்யாமற் செருகினால் இருவகைத் தீங்குகள் விளையும்.

முதல் தீங்கு: எழுத்து மறைதல்

கணித ஆசிரியர் ஒருவர் வினாத்தொகுப்புப் படிவத்தில் ஒரு சமனிலியை எழுதுகிறார். ரோமன் எழுத்துகளால் குறிக்கப்பட்ட இரண்டு அளவுகளில் முன்னது பின்னதைவிடச் சிறியது என்பதை, நடுவே இடைவெளி விடாமல் எழுதுகிறார். இடக்கோணக் குறியை ஒட்டி ரோமன் எழுத்து வந்ததும், கட்டளை தொடங்கிவிட்டது என்று உலாவி கொள்கிறது. அடுத்த வலக்கோணக் குறி வரும்வரையுள்ள அனைத்தையும் கட்டளையின் பகுதியாகவே கருதி விழுங்கிவிடுகிறது. வினாவின் பிற்பகுதி திரையில் தோன்றுவதில்லை. தரவுத்தளத்தில் வினா முழுமையாகவே இருக்கும். காண்பவருக்கோ அது குறைப்பட்ட வினா.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. இடக்கோணக் குறியை அடுத்து இடைவெளியோ, எண்ணோ, தமிழ் எழுத்தோ வந்தால் இன்றைய உலாவிகள் அதனைக் கட்டளையாகக் கொள்வதில்லை. குறியை அப்படியே காட்டிவிடும். ஆகவே “மதிப்பெண் < 35” என்று எழுதிச் சோதித்தவர் படிவம் செவ்வையாக இருப்பதாகவே எண்ணுவார். ரோமன் எழுத்தை ஒட்டி எழுதும் நாளில்தான் குறை வெளிப்படும்.

மேற்கோள் குறியாலும் இத்தகைய இழப்பு நேரும். படிவத்தைத் திருத்துவதற்காக மீண்டும் திறக்கும்பொழுது, முன்பு எழுதியது பெட்டிக்குள் தோன்ற வேண்டும். அதன் பொருட்டு நிரல் அச்சொற்களை இரு மேற்கோள் குறிகளுக்கு இடையே வைத்து உலாவிக்குத் தருகிறது. களப்பணியாளர் ‘2" குழாய், 40 மீட்டர்’ என்று அங்குலக் குறியுடன் எழுதியிருந்தால், அவ்வங்குலக் குறியே முடிவு மேற்கோளாகக் கொள்ளப்படும். பெட்டியில் 2 என்பது மட்டும் எஞ்சும். அதனைக் கவனியாமல் மறுபடி சேமித்தால், முழு விவரமும் தரவுத்தளத்திலிருந்தே நீங்கிவிடும். டி'சௌசா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே வரும் ஒற்றை மேற்கோளும், அடியளவைக் காட்டும் ஒற்றைக் கோடும் இதே தொல்லையைத் தரக்கூடும். ஒருவருடைய பெயர் பட்டியலில் குறைபட்டு நிற்பது அவருக்குரிய உதவித்தொகையையே தடுத்துவிடலாம் என்பதைக் களத்தில் இருப்போர் நன்கு அறிவர்.

இரண்டாம் தீங்கு: கட்டளை இயங்குதல்

முதல் தீங்கு தற்செயலாக நேர்வது. இரண்டாவது வேண்டுமென்றே இழைக்கப்படுவது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். பக்கத்தினுள் எழுதப்பட்ட நிரலை உலாவியே இயக்கும் வசதி இதனால் வந்தது. படிவத்தை நிரப்புபவர் தம் மனுவுக்குள் அத்தகைய நிரல் ஒன்றை எழுதி அனுப்பினால், மனுவைத் திறந்து படிக்கும் அலுவலரின் உலாவியில் அந்நிரல் இயங்கும்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அலுவலர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்து அலுவலகத் தளத்தினுள் புகுந்திருக்கிறார். அவருடைய உலாவி அனுப்பும் எந்த வேண்டுகோளையும் சேவையகம் அவருடையதாகவே ஏற்கும். மனுவுக்குள் மறைந்து வந்த நிரலும் அவருடைய உலாவியிலிருந்தே பேசுகிறது. எனவே அவர் அறியாமலே அவர் பெயரால் ஒரு விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்படலாம். பயனாளியின் வங்கிக் கணக்கு எண் மாற்றப்படலாம். பட்டியலிலுள்ள மக்களின் விவரங்கள் வெளியே அனுப்பப்படலாம். மனுவை அனுப்பியவருக்கு எவ்வித அதிகாரமும் தேவையில்லை. அதிகாரம் உடையவர் மனுவைத் திறப்பதே போதுமானது.

இத்தீங்கு 2000-ஆம் ஆண்டு சனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனப் பொறியாளர்களால் ‘கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்’ என்று பெயரிடப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய கணினி அவசரநிலை உதவி மையம் இதுபற்றி உலகிற்கு எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது. ஆயினும் எச்சரிக்கைக்குப் பின்னரும் நிகழ்ச்சிகள் நின்றபாடில்லை. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்னும் சமூகத் தளத்தில் சாமி கம்கர் என்னும் இளைஞர் தம் அறிமுகப் பக்கத்தில் ஒரு நிரலை எழுதி வைத்தார். அப்பக்கத்தைக் கண்ட ஒவ்வொருவரின் பக்கத்திலும் அந்நிரல் தன்னைத் தானே படியெடுத்துக் கொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோரின் பக்கங்களை அது பற்றியது. 2014 ஜூன் 11-இல் ட்விட்டர் செய்திகளைக் காட்டும் ட்வீட்டெக் என்னும் செயலியிலும் இதே குறை வெளிப்பட்டது. ஒரே ஒரு குறுஞ்செய்தி, படிப்பவர் கணக்குகளிலிருந்து தானாகவே பல்லாயிரம் முறை மறுபகிர்வு பெற்றது. சேவையைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. தேர்ந்த பொறியாளர்கள் நடத்தும் தளங்களிலேயே இவ்வாறு நிகழுமாயின், ஏனைய தளங்களில் எச்சரிக்கை எத்துணை வேண்டும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

பரிகாரம்: ஐந்து குறிகளை மாற்றுதல்

தீங்கு பெரிதாயினும் பரிகாரம் எளியது. கட்டளைப் பொருள் உடைய குறிகளை, அப்பொருள் அற்ற வேறு வடிவத்தில் உலாவிக்குத் தருவதே அது. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் உண்டு. உம்மைக் குறி (&), எண் குறி (#), எழுத்தின் எண், இறுதியில் அரைப்புள்ளி (;) என்னும் வரிசையில் எழுதினால், உலாவி அவ்வெண்ணுக்குரிய எழுத்தைத் திரையில் வரையும். ஆனால் அதனைக் கட்டளையின் தொடக்கமாக ஒருபோதும் கொள்ளாது. இடக்கோணத்தின் எண் 60, வலக்கோணத்தின் எண் 62, உம்மைக் குறியின் எண் 38, இரட்டை மேற்கோளின் எண் 34, ஒற்றை மேற்கோளின் எண் 39. 1960-களில் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறிமுறையிலிருந்து வந்த எண்கள் இவை. இவ்வைந்தையும் மாற்றிவிட்டால், எழுதியவர் இட்ட குறி திரையில் குறியாகவே நிற்கும்.

மாற்றும் வரிசையில் கவனம் வேண்டும். உம்மைக் குறியையே முதலில் மாற்ற வேண்டும். இடக்கோணத்தை முதலில் மாற்றினால், புதிதாக ஓர் உம்மைக் குறி பிறக்கிறது. பின்னர் உம்மைக் குறிகளை மாற்றும்போது அதுவும் மாற்றப்பட்டு, திரையில் கோணத்திற்குப் பதிலாக எண் வரிசையே தோன்றும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இவ்வேலைக்கென்று ஆயத்தச் செயற்கூறுகள் உள்ளன. வரிசையை அவையே பேணும். ஆதலால் தாமே புதிதாக எழுதுவதைவிட அவற்றைப் பயன்படுத்துவதே சிறந்தது. அவற்றின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். சான்றாக, பி.எச்.பி. மொழியில் இதற்கென உள்ள செயற்கூறு, 8.1 பதிப்புக்கு முன்னர், தனியே கேட்டாலன்றி ஒற்றை மேற்கோளை மாற்றாது விட்டுவந்தது. 2021-இல் வெளியான அப்பதிப்பிலிருந்துதான் அதுவும் இயல்பாகவே மாற்றப்படுகிறது. பழைய பதிப்பில் எழுதப்பட்டு இன்றும் இயங்கும் தளங்களை இக்கண்கொண்டு பார்த்தல் நலம்.

மாற்ற வேண்டிய இடம் எது?

எழுத்து உள்ளே வரும்போதே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பலர் அவ்வாறு செய்து இடர்ப்பட்டனர். தரவுத்தளத்தில் இருக்க வேண்டுவது மக்கள் எழுதியது. உலாவிக்காகச் சமைக்கப்பட்டது அன்று. ஒரே மனு இணையப் பக்கத்திலும் தோன்றும், குறுஞ்செய்தியாகவும் செல்லும், அச்சிட்ட பதிவேட்டிலும் ஏறும், அட்டவணைச் செயலியிலும் திறக்கப்படும். உள்ளே வரும்போதே எண் வடிவமாக மாற்றி வைத்தால், குறுஞ்செய்தி பெறுபவர் பொருளற்ற எண்களையே காண்பார். திருத்தியமைத்துச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மாற்றம் மேலும் ஒருமுறை நிகழ்ந்து, “மண் & நீர் பாதுகாப்பு” என்னும் தொடரின் நடுவே எண்கள் வால்போல் வளர்ந்துகொண்டே போகும்.

பி.எச்.பி. மொழியில் மேற்கோள் குறிகளுக்கு முன் தானாகவே சாய்கோடு இட்டு உள்ளே சேர்க்கும் ஓர் ஏற்பாடு முன்னர் இருந்தது. பெயர்களின் நடுவே தேவையற்ற சாய்கோடுகள் பெருகியதே அதன் பயன். 2009-இல் அது கைவிடத் தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2012-இல் வெளியான 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. இதிலிருந்து பெறப்படும் விதி இது: உள்ளே வருவதை வந்தபடியே வைத்திருக்க வேண்டும், வெளியே காட்டும் கணத்தில், காட்டும் இடத்திற்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

இடத்திற்கு ஏற்ப என்று கூறியது காரணத்துடனே. மேற்கூறிய ஐந்து குறிகள், பக்கத்தின் உடற்பகுதிக்கும் மேற்கோள் குறிகளுக்குள் அடங்கிய பெட்டி மதிப்பிற்கும் பொருந்துவன. மேற்கோள் குறியே இடாமல் மதிப்பை எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. அங்கு ஓர் இடைவெளிகூட எல்லையை உடைத்துவிடும். இணைப்பு முகவரி கேட்கும் கட்டத்தில், முகவரி எத்தகைய தொடக்கம் உடையது என்பதையும் சோதிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் சொல்லும் முக்காற்புள்ளியும் கொண்டு தொடங்கும் முகவரியில் கோணக் குறி ஒன்றும் இராது. எனினும் அதனை அழுத்தினால் நிரல் இயங்கும். தரவுத்தளத்திற்கு வினவல் அனுப்பும் இடத்திற்கும் தனி முறை உண்டு. கட்டளையையும் மதிப்பையும் வேறுவேறாக அனுப்புவதே அது.

அட்டவணைச் செயலியில் திறப்பதற்காகப் பட்டியலைப் பதிவிறக்கும் களப்பணியாளர் மற்றொன்றையும் அறிய வேண்டும். அங்குக் கோணக் குறிக்குப் பொருள் இல்லை. சமக் குறிக்கே பொருள் உண்டு. சமக் குறியில் தொடங்கும் கட்டத்தை அச்செயலி சூத்திரமாகக் கொண்டு கணக்கிட முற்படும். மக்கள் நிரப்பிய கட்டம் அவ்வாறு தொடங்கினால், அதனை வெறும் எழுத்தாகவே கொள்ளுமாறு பட்டியலை ஆக்கும் நிரல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரிகளும் இடைவெளிகளும்

எழுதியபடியே காட்டுதல் என்பது குறிகளோடு முடிவதன்று. ஒருவர் தம் மனுவை நான்கு வரிகளாக, எண்ணிட்டு எழுதியிருக்கலாம். உலாவியோ வரிமுறிவுகளையும் தொடர்ந்த இடைவெளிகளையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும் இயல்புடையது. தெளிவாக எழுதிய மனு ஒரே பத்தியாகக் குழம்பித் தோன்றும். இதற்கு இரு வழிகள் உள்ளன. வரிமுறிவுகளையும் இடைவெளிகளையும் உள்ளபடியே பேணுமாறு பக்கத்தின் நடையமைப்பில் குறிப்பிடலாம், இதுவே எளிது. அன்றி, வரிமுறிவு வரும் இடந்தோறும் அதற்குரிய கட்டளையைச் செருகலாம். அவ்வாறு செய்வோர் முதலில் ஐந்து குறிகளையும் மாற்றிவிட்டு, அதன் பின்னரே வரிக் கட்டளையைச் செருக வேண்டும். முறை மாறினால், செருகிய கட்டளையே எழுத்தாகத் திரையில் தோன்றும்.

தமிழ் எழுத்துகளின் நிலை

தமிழ்ப் படிவங்களில் அவ்வப்போது காணப்படும் விந்தையான குறை ஒன்று உண்டு. தமிழில் எழுதி அனுப்பிய பெயர், திரும்பத் தோன்றும்போது உம்மைக் குறியும் எண்களுமாக நிறைந்திருக்கும். ‘அ’ என்னும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 2949 என்னும் எண் நிற்கும். ஒருங்குறியில் அகரத்தின் எண் அதுவே.

இதன் காரணம் பலருக்கும் விளங்குவதில்லை. படிவம் உள்ள பக்கம், மேலைநாட்டு எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள பழைய குறிமுறையில் இருப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கும். அக்குறிமுறையில் தமிழ் எழுத்தை எழுத இயலாது. ஆகவே உலாவி, படிவத்தை அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் தானே எண் வடிவமாக்கி அனுப்புகிறது. சேவையகம் நேர்மையாக உம்மைக் குறியை மாற்றிக் காட்டும்போது, அவ்வெண்கள் எண்களாகவே தோன்றுகின்றன. இதனைக் கண்டு சிலர் மாற்றும் ஏற்பாட்டையே நிறுத்திவிடுகின்றனர். எண்கள் மறைந்து தமிழ் தோன்றும். ஆனால் கதவும் திறந்துவிடும். உரிய பரிகாரம் வேறு. பக்கமும் படிவமும் தரவுத்தளமும் ஒருசேர யு.டி.எஃப்.-8 குறிமுறையில் அமைய வேண்டும். அங்குத் தமிழ் எழுத்துகளை எண்ணாக மாற்ற வேண்டிய தேவையே இல்லை. ஐந்து குறிகளை மாற்றினால் போதும்.

தடை செய்தல் போதுமா?

கோணக் குறியையும் மேற்கோளையும் எழுதவே கூடாது என்று தடுத்துவிட்டால் என்ன என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு தடுத்தால் கணித ஆசிரியர் சமனிலியை எழுத இயலாது. அங்குலக் குறியும் மேற்கோள் கொண்ட பெயரும் ஏற்கப்படா. தம் பெயரையே பிழை என்று கூறும் படிவத்தை மக்கள் எவ்வாறு மதிப்பர்? கைபேசி எண் பத்து இலக்கமாக இருத்தல், தேதி தேதியாக இருத்தல் முதலிய சோதனைகள் வேண்டுவனவே. ஆனால் அவை தரவின் செம்மைக்காக. காட்டும் முறைக்கு மாற்றாக அல்ல.

தீய சொற்களை மட்டும் பொறுக்கி நீக்கும் முறையும் நிலைத்து நிற்பதில்லை. மேலே கூறிய மைஸ்பேஸ் தளம் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் சொல்லை நீக்கியே வந்தது. அச்சொல்லின் நடுவே ஒரு வரிமுறிவை இட்டு எழுதியதும் சல்லடை அதனை அறியவில்லை; அக்காலத்து உலாவிகளோ அதனை ஏற்று இயக்கின. தீமையின் உருவங்கள் எண்ணில. மாற்ற வேண்டிய குறிகளோ ஐந்து. எது எளிய காவல் என்பது வெளிப்படை.

இன்றைய கருவிகளும் அவற்றின் எல்லையும்

நிரலாளர் ஒவ்வோர் இடத்திலும் நினைவாக மாற்றுவது கடினம். நூறு இடங்களில் மாற்றி ஓரிடத்தில் மறந்தாலும் காவல் பயனற்றதாகும். ஆதலால் மறந்தாலும் மாற்றம் நிகழும்படி கருவிகளே அமைக்கப்பட்டன. ஜாங்கோ என்னும் அமைப்பு 2008-இல் வெளியான தன் முதற் பதிப்பிலிருந்தும், ரெயில்ஸ் அமைப்பு 2010-இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்தும், பக்கத்திற் செருகப்படும் எழுத்துகளைத் தாமாகவே மாற்றித் தருகின்றன. ஆயினும் இது மாற்றப்பட வேண்டாதது என்று நிரலாளர் முத்திரையிடும் வசதியும் அவற்றில் உண்டு. பொதுமக்கள் எழுதியதன்மேல் அம்முத்திரை விழுமானால் கருவி உதவாது. உலாவியிலேயே பக்கத்தை மாற்றியமைக்கும் நிரல்களிலும் இரு வழிகள் உள்ளன: ஒன்று எழுத்தாகச் செருகுவது, மற்றொன்று குறிமொழியாகச் செருகுவது. படிவத்திலிருந்து வந்ததற்கு முதல் வழியே உரியது.

இந்தியாவில் கணினிப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் தேசிய அமைப்பாகிய சி.இ.ஆர்.டி.-இன் 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அவ்வமைப்பு ஏற்பளித்த தணிக்கையாளர்களைக் கொண்டு அரசுத் தளங்களைச் சோதிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. ஆனால் தணிக்கை ஒரு நாளின் நிலையையே காட்டும். நாள்தோறும் படிவத்தைக் கையாள்பவரின் கூர்ந்த பார்வைக்கு அது மாற்றாகாது.

சோதித்தறியும் முறை

நிரல் எழுதத் தெரியாதவரும் படிவம் ஒன்றைச் சோதித்தறியலாம். பயிற்சிக்கென வைத்துள்ள படிவத்தில், பின்வருவனவற்றை ஒரே வரியில் எழுதி அனுப்புக: உம்மைக் குறி ஒன்று, அங்குலக் குறியுடன் ஓர் அளவு, ஒற்றை மேற்கோள் உடைய ஒரு பெயர், பின்னர் இடக்கோணமும், அதனை ஒட்டி ரோமன் நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும், வலக்கோணமும், அதன்பின் ஒரு தமிழ்ச் சொல். இதனால் தீங்கு ஏதும் விளையாது. கோணங்களுக்கு இடையே அவ்வெழுத்து நின்றால் தடித்த எழுத்து என்பது மட்டுமே பொருள்.

விடை நான்கு வகையாக அமையலாம். எழுதிய அனைத்தும் எழுதியபடியே தோன்றினால், அவ்விடத்தில் படிவம் செவ்வையானது. கோணங்கள் மறைந்து, தமிழ்ச் சொல் தடித்துத் தோன்றினால், குறிகள் மாற்றப்படவில்லை. இதுவே அபாயமான நிலை. உம்மைக் குறியும் எண்களும் திரையிலேயே தோன்றினால், மாற்றம் இருமுறை நிகழ்கிறது. கோணங்கள் நீங்கியும் சொல் தடிக்காமலும் இருந்தால், உள்ளே வரும்போதே எழுத்து வெட்டப்படுகிறது. பின்னிரண்டும் அபாயத்தைவிடப் பிழையே எனினும், மக்கள் எழுதியதை மாற்றுவதால் திருத்தத்திற்கு உரியன. அனுப்பியவுடன் தோன்றும் பக்கம், பட்டியல், திருத்தும் பெட்டி, அச்சுப்படி ஆகிய ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நோக்க வேண்டும். ஓரிடம் செவ்வையாக இருப்பது மற்றோர் இடத்திற்குச் சான்றாகாது.

இச்சோதனையைத் தம் பொறுப்பிலுள்ள படிவத்தில், உரியவரின் இசைவுடன் மட்டுமே செய்ய வேண்டும். பிறருடைய கணினி அமைப்பில் அனுமதியின்றி நுழைவதும் அதற்குக் கேடு விளைவிப்பதும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆம் பிரிவுகளின் கீழ் நடவடிக்கைக்கு உரியன. குறை காணப்பட்டால், எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில், எதை எழுதியபோது எது தோன்றியது என்பதைக் குறித்துத் தளத்தின் பொறுப்பாளருக்கு அறிவிப்பதே முறை.

வகுப்பறையில் இதனைக் கணினி இன்றியும் விளக்கலாம். ஒரு மாணவனை உலாவியாக நிறுத்தி, கோணக் குறிக்குள் இருப்பதைச் செய்ய வேண்டும், ஏனையதை உரக்கப் படிக்க வேண்டும் என்று விதி கூறுக. மற்றொரு மாணவன் எழுதித் தரும் சீட்டில் கோணக் குறிக்குள் “எழுந்து நில்” என்று இருந்தால் முதல் மாணவன் எழுந்து நிற்பான். பின்னர், சீட்டை வாங்கித் தருபவன் ஒருவனை நடுவே அமர்த்தி, கோணக் குறிகளை எல்லாம் 60, 62 என்னும் எண்களாக மாற்றித் தரச் செய்க. அவ்வெண்களைக் கண்டால் குறியின் பெயரைப் படிக்க வேண்டுமே அன்றி அதன்படி நடக்கலாகாது என்பதையும் விதியிற் சேர்க்க. இப்பொழுது முதல் மாணவன் எழாமல், சீட்டில் இருந்ததை அப்படியே படிப்பான். நடுவே அமர்ந்தவன் செய்த சிறு வேலையே ஒரு தளத்தின் காவல் என்பது மாணவர்க்குப் புலனாகும். தொடர்ந்து, அவன் தன் வேலையை ஒரே ஒரு சீட்டில் மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, விடையை அவர்களே கூறுமாறு விடலாம்.

பொதுமக்கள் நிரப்பும் படிவம் புதிதாக அமைக்கப்படும்போதும், பழையது திருத்தப்படும்போதும், இச்சோதனையை ஒரு வழக்கமாகக் கொள்வது நன்று. அதற்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. தனிச் செலவும் இல்லை. அதன் பயனாக, மனு எழுதியவரின் சொல் குறையாமல் அலுவலரைச் சென்றடையும். அலுவலரின் அதிகாரமும் அவர் கையிலேயே நிலைபெறும்.